ரெடிங் சேஃபான ஊரா? மேப்புல தெரியற குற்றமும் தெரியாத குற்றமும்

இந்த வாரம் இன்பாக்ஸ்ல வந்ததுல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "அக்கா, ரெடிங் யுனிவர்சிட்டில சீட் கிடைச்சிருக்கு, ஊர் சேஃபா?" சிலர் ஸ்க்ரீன்ஷாட்டும் சேர்த்து அனுப்பியிருந்தாங்க. ஏதோ ஒரு வெப்சைட்ல ஊர் பேரைப் போட்டா, 'குற்ற விகிதம் அதிகம்'னு சிவப்பு எழுத்துல காட்டுது. ஒருத்தரோட அம்மா அதைப் பார்த்துட்டு ரெண்டு நாளா தூங்கலையாம். சரி, இன்னைக்கு அந்த சிவப்பு எழுத்தைப் பத்தியே பேசிடலாம்.

நான் இதே ஊர்லதான் இருக்கேன், அதனால தெரிஞ்சதைச் சொல்றேன். பேரு எழுதுறதுக்கு 'வாசிப்பு'ங்கிற அர்த்தம் வர்ற ரீடிங் மாதிரி இருக்கும், ஆனா சொல்றது ரெடிங். லண்டன் பாடிங்டன்ல இருந்து வேகமான ரயில்ல அரை மணி நேரத்துக்குள்ள வந்துடலாம். 2021 கணக்கெடுப்புப்படி மக்கள்தொகை சுமார் 1,74,000. 'சிட்டி' அந்தஸ்து கேட்டு பல தடவை விண்ணப்பிச்சாங்க, 2022-லயும் கேட்டாங்க, கிடைக்கல. சட்டப்படி இது இன்னும் டவுன்தான். இந்த ஊர்க்காரங்களுக்கு அதுல கொஞ்சம் வருத்தம் உண்டு.

இப்ப அந்த விகிதத்துக்கு வருவோம். ஆயிரம் பேருக்கு இத்தனை குற்றம்னு போடுறாங்க இல்லையா, அந்த ஆயிரம் பேர் யாரு? அந்த நகராட்சி எல்லைக்குள்ள குடியிருக்கறவங்க மட்டும். ஒரு கற்பனைக் கணக்கு பாருங்க. ஒரு ஊர்ல ஆயிரம் பேர் குடியிருக்காங்க. வெளியில இருந்து தினமும் இன்னொரு ஆயிரம் பேர் வேலைக்கும் ஷாப்பிங்குக்கும் வந்துட்டுப் போறாங்க. வருஷத்துக்கு நூறு திருட்டு நடக்குது, அதுல பாதி வெளியாளுங்க பறிகொடுத்தது. ஆனா விகிதம் போடும்போது ஆயிரத்துக்கு நூறுன்னுதான் வரும். வந்துபோனவங்க பறிகொடுத்தது மேல ஏறிடுது, அவங்க தலை கீழ சேரவே இல்லை.

ரெடிங்ல நடக்கிறது இதேதான். தெற்கு இங்கிலாந்தின் பெரிய ரயில் சந்திப்புகள்ல இது ஒண்ணு. ஆரக்கிள்னு பெரிய ஷாப்பிங் சென்டர் இருக்கு. ஃப்ரையர் ஸ்ட்ரீட்ல வெள்ளி, சனி ராத்திரி சுத்துவட்டார ஊர்ல இருந்தெல்லாம் குடிக்க வருவாங்க. ஆகஸ்ட் கடைசியில ரெடிங் ஃபெஸ்டிவல்னு ஒரு இசைத் திருவிழா, கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் கூடாரம் போட்டுத் தங்குவாங்க. கூடாரத்துல காணாமப் போற ஃபோனெல்லாம் ரெடிங் கணக்குலதான் ஏறும்.

இன்னொரு கூத்து எல்லைக்கோடு. ஊரோட ஒட்டியே இருக்கிற எர்லி, உட்லி ரெண்டும் சட்டப்படி பக்கத்து வோக்கிங்ஹாம் நிர்வாகத்தைச் சேர்ந்தது. யுனிவர்சிட்டியோட வைட்நைட்ஸ் வளாகமே அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா கிடக்கு. எர்லியில குடியிருக்கிற பொண்ணு ஃப்ரையர் ஸ்ட்ரீட்ல பர்ஸை விட்டா, அவ தலை வோக்கிங்ஹாம்ல எண்ணப்படும், பர்ஸ் ரெடிங்ல எண்ணப்படும். அப்புறம் வெப்சைட்ல வோக்கிங்ஹாம் பச்சை, ரெடிங் சிவப்பு. நடுவுல இருக்கிறது ஒரு ரோடு.

விகிதத்தை விட்டுட்டு நேரா போலீஸ் டாட் யூகே மேப்பைப் பார்க்கிறவங்களும் இருக்கீங்க. அது உருப்படியான தளம்தான், தெரு வாரியா ஒவ்வொரு மாசமும் போடுறாங்க. ஆனா பாதிக்கப்பட்டவங்களோட வீடு வெளியில தெரியக்கூடாதுன்னு ஒவ்வொரு சம்பவத்தையும் பக்கத்துல இருக்கிற ஒரு பொதுப் புள்ளிக்கு நகர்த்தித்தான் காட்டுவாங்க. தெரு நடு, பார்க், ஷாப்பிங் சென்டர் இப்படி ஏதாவது ஒரு புள்ளி. குடியிருப்புத் தெருன்னா ஒரு புள்ளியைச் சுத்திக் குறைஞ்சது 8 முகவரியாவது இருக்கணும்னு விதி. நீங்க பார்க்கிற வீட்டு வாசல்ல ஒரு புள்ளி இருந்தா, அது அந்த வாசல்ல நடந்ததுன்னு அர்த்தம் இல்லை.

அதே மேப்புல அதிகமா பயமுறுத்துற வகை, 'வன்முறை மற்றும் பாலியல் குற்றங்கள்'. இதுல கத்திக்குத்தும் இருக்கு, காயமே இல்லாத தள்ளுமுள்ளும் இருக்கு, பின்தொடர்ந்து தொல்லை பண்றதும் இருக்கு. வீட்டுக்குள்ள நடக்கிற அடிதடியும் அதே பெட்டிக்குள்ளதான். எதுவும் சின்ன விஷயம்னு சொல்லல. ஆனா தெருவுல முன்பின் தெரியாத ஆள் தாக்குறது எவ்வளவுன்னு அந்தப் பெட்டியைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

போலீஸ் பதிவு பண்ற எண்ணிக்கையை இந்த நாட்டுப் புள்ளிவிவர ஆட்களே முழுசா நம்பறதில்லை. 2014 ஜனவரியில் அதற்கு இருந்த 'தேசியப் புள்ளிவிவரம்' என்ற அந்தஸ்தையே எடுத்துட்டாங்க. அதே வருஷம் நவம்பர்ல போலீஸ் ஆய்வுத் துறை ஒரு அறிக்கை விட்டது. மக்கள் வந்து சொன்ன குற்றங்கள்ல சுமார் 19 சதவீதம் பதிவே ஆகலைன்னு அதுல இருந்தது. அதுக்கப்புறம் ஒழுங்கா எழுத ஆரம்பிச்சாங்க, எண்ணிக்கை கூடுச்சு. ஊர் கெட்டுப்போச்சுன்னு செய்தி வந்தது.

அதனால நாடு முழுக்க நிலவரம் என்னன்னு தெரிஞ்சுக்க, வீடு வீடாப் போய்க் கேட்கிற சர்வே ஒண்ணு தனியா இருக்கு. போலீஸ்கிட்ட போகாத குற்றமும் அதுல வரும். அதன்படி வன்முறையும் திருட்டும் 1990-களின் நடுவுல உச்சத்துல இருந்தது, அதுக்கப்புறம் பெரிய அளவுல குறைஞ்சிருக்கு. ஒரு சின்ன ஓட்டை: ஸ்டூடன்ட் ஹாஸ்டல் மாதிரி கூட்டு இருப்பிடங்களுக்கு அந்த சர்வே போறதில்லை. ஹாஸ்டல் ரூம்ல இருக்கிற உங்களை அது எண்ணாது.

ரெடிங்னு கூகுள் பண்ணா முதல்ல வர்ற ரெண்டு விஷயத்தையும் சொல்லிடறேன், மறைக்க வேண்டியதில்லை. 2020 ஜூன் 20, ஃபோர்பரி கார்டன்ஸ்ல பயங்கரவாதத் தாக்குதல், 3 பேர் இறந்தாங்க. 2021 ஜனவரியில 13 வயசுப் பையன் ஒருத்தனை, அவனை மாதிரியே பதின்ம வயசுப் பசங்க கத்தியால குத்திக் கொன்னாங்க. திட்டம் போட்டது சோஷியல் மீடியாவுல. அது நடந்தது எம்மர் கிரீன்ங்கிற இடத்துல. வீட்டுத் தரகர்கள் 'அமைதியான குடும்ப ஏரியா'ன்னு விளம்பரம் பண்ற மாதிரியான இடம் அது. எந்த ஏரியாவுல வீடு எடுக்கலாம்னு முடிவு பண்ண இந்த ரெண்டு சம்பவமும் உதவாது.

சரி, அப்ப எதுக்குத்தான் பயப்படணும்? அந்த மேப்புல இல்லவே இல்லாத ஒரு குற்றத்துக்கு. நான் சொன்ன சர்வேயில இங்கிலாந்து, வேல்ஸ் மொத்தத்துக்கும் வர்ற குற்றங்கள்ல சுமார் 5-ல 2 பங்கு மோசடி. பெரும்பாலானவங்க புகாரே கொடுக்கறதில்லை. கொடுத்தாலும் அது ஊர் போலீஸ் கணக்குல வராது. லண்டன் சிட்டி போலீஸ் நடத்துற தேசிய மையத்துக்குப் போகும். தெரு மேப்புல மோசடிங்கிற வகையே கிடையாது.

எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தன், கோயம்புத்தூர். மாஸ்டர்ஸ் படிக்க வந்தவன். வர்றதுக்கு முன்னாடி மூணு வாரம் அந்த மேப்பை வெச்சுக்கிட்டு ஆராய்ச்சி பண்ணான். ஆக்ஸ்ஃபோர்ட் ரோடு பக்கம் வேண்டாம், புள்ளி நிறைய இருக்குன்னு தள்ளிட்டான். அங்க வாடகை கம்மி, நம்ம அரிசி பருப்பு கிடைக்கிற கடைகளும் இருக்கு, அது வேற விஷயம். கேவர்ஷாம்ல ஒரு அழகான வீடு, ஆன்லைன்ல பார்த்தான். ஓனர் ஸ்பெயின்ல இருக்கேன்னார். அட்வான்ஸும் ஒரு மாச வாடகையும் அனுப்புங்க, சாவியை கூரியர்ல அனுப்பறேன்னார். அப்பா கோயம்புத்தூர் பாங்க்ல இருந்து அனுப்பிட்டார்.

சாவி வரல. சரி, நேர்ல போய் வாங்கிக்கலாம்னு ரெண்டு சூட்கேஸோட போய் பெல் அடிச்சிருக்கான். வீடு இருந்தது. ஃபோட்டோவுல பார்த்த அதே நீலக் கதவு. திறந்தது அங்கயே ரொம்ப வருஷமா குடியிருக்கிற ஒரு பாட்டி. அந்த அம்மா உள்ள கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தாங்களாம், அதைச் சொல்லும்போதுதான் அவன் அழுதான்.

எனக்கு இதுல கோபம் வந்தது வேற இடத்துல. மூணு வாரம் யார்கிட்டயும் சொல்லல. "போலீஸ்னு போனா விசாவுல ஏதாவது எழுதிடுவாங்களோன்னு நினைச்சேன் அக்கா"ன்னான். இதை நல்லா கேட்டுக்கோங்க. செல்லுபடியாகிற விசாவுல இருக்கிற ஸ்டூடன்ட், தான் ஏமாந்ததைப் புகார் பண்றதால விசாவுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அந்த மூணு வாரத்துல பணத்தை மறிக்க இருந்த கொஞ்ச வாய்ப்பும் போயிடுச்சு.

இன்னொண்ணு தெரிஞ்சுக்கணும். 2024 அக்டோபர் 7-ல இருந்து இங்க ஒரு விதி இருக்கு. இங்கிலாந்து பாங்க் அக்கவுண்ட்ல இருந்து இன்னொரு இங்கிலாந்து அக்கவுண்டுக்கு ஏமாந்து பணம் அனுப்பிட்டா, 85,000 பவுண்டு வரைக்கும் பாங்க் திருப்பித் தரணும். 100 பவுண்டு வரை பிடிச்சுக்கலாம். நீங்க ரொம்ப அலட்சியமா இருந்தீங்கன்னு பாங்க் நிரூபிச்சா கிடைக்காது. நாடு தாண்டி வர்ற பணத்துக்கு இந்த விதி பொருந்தாது. அப்பா அக்கவுண்ட்ல இருந்து போன பணத்துக்கு இங்க யாரும் பொறுப்பில்லை. நேர்ல பார்க்காத வீட்டுக்கு ஊர்ல இருந்து பணம் அனுப்பாதீங்கன்னு நான் கத்துறதுக்குக் காரணம் இதுதான். முதல் ரெண்டு வாரம் யுனிவர்சிட்டி ஹாஸ்டலோ, தெரிஞ்சவங்க வீட்டு சோஃபாவோ, எங்கயாவது இருந்துட்டு வீட்டைப் போய்ப் பாருங்க.

அட்வான்ஸ் எவ்வளவு கேட்கலாம்னும் சட்டம் இருக்கு. வழக்கமான வாடகை வீட்டுக்கு அஞ்சு வார வாடகைக்கு மேல கேட்கக்கூடாது. மாசம் 650 பவுண்டுன்னா வாரத்துக்கு 150, ஆக 750-தான் உச்சம். வீட்டைப் பிடிச்சு வைக்க முன்பணம்னா ஒரு வாரம், 150. அட்வான்ஸை 30 நாளுக்குள்ள அரசு அங்கீகரிச்ச பாதுகாப்புத் திட்டம் ஒண்ணுல பதிஞ்சு, உங்களுக்கு விவரம் கொடுக்கணும். இதுக்கெல்லாம் மழுப்புறவர்கிட்ட வீடு எடுக்காதீங்க.

அடுத்தது ஃபோன். "ஹோம் ஆஃபீஸ்ல இருந்து பேசறோம், உங்க விசாவுல சிக்கல், உடனே அபராதம் கட்டுங்க." உங்க பாஸ்போர்ட் நம்பரைக்கூடச் சொல்லுவாங்க, திரையில நிஜமான நம்பர் மாதிரியே வரும். ஹோம் ஆஃபீஸ் ஃபோன் பண்ணிப் பணம் கேட்காது, அவ்வளவுதான், கட் பண்ணுங்க. பாங்க்ல இருந்துன்னு சொன்னா கட் பண்ணிட்டு 159 அடிங்க, பெரும்பாலான பாங்குகளுக்கு அது இணைச்சுவிடும்.

அப்புறம், "உன் அக்கவுண்ட்ல கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் கொடு, உனக்கு 200 பவுண்டு"ன்னு கூட படிக்கிறவனே கேட்பான். அது பண மோசடிக்குத் துணை போறது. சட்டத்துல அதிகபட்சம் 14 வருஷம் சிறை. சிறைக்குப் போகலைன்னாலும் அக்கவுண்டை மூடிடுவாங்க, புதுசா எந்த பாங்க்லயும் திறக்கிறது பெரும்பாடு ஆயிடும்.

ராத்திரி நடக்கிறதைப் பத்தி பொண்ணுங்க நிறைய பேர் கேட்டிருந்தீங்க. நான் ராத்திரி ஸ்டேஷன்ல இருந்து தேம்ஸ் ஓரப் பாதையில வரமாட்டேன், கொஞ்சம் சுத்தினாலும் கடை வெளிச்சம் இருக்கிற ரோட்டுலதான் வருவேன். அது என் பழக்கம், அறிவுரையா எடுத்துக்க வேண்டாம். 17-ஆம் நம்பர் பஸ் ராத்திரியும் ஓடுது, நேரத்தை மட்டும் பார்த்துக்கோங்க. டாக்ஸின்னா ஸ்டாண்டுல நிக்கிறதுல ஏறலாம், மினிகேப்னா முன்பதிவு பண்ணினதுல மட்டும் ஏறுங்க. ஊர்ல இருந்து பெப்பர் ஸ்ப்ரே வாங்கிட்டு வராதீங்க, இங்க அது துப்பாக்கிச் சட்டத்துல வர்ற தடை செய்யப்பட்ட ஆயுதம். உங்களைக் காப்பாத்திக்க வெச்சிருந்ததுக்கு உங்க மேலயே கேஸ் வரும்.

நம்பர்களை இப்பவே சேவ் பண்ணிக்கோங்க. உயிருக்கு ஆபத்துன்னா 999. பேச முடியாத நிலைமைன்னா, மொபைல்ல 999 அடிச்சு, குரல் கேட்கும்போது 55 அழுத்துங்க, போலீஸுக்கு மாத்திவிடுவாங்க. பேசாம வெறுமனே லைன்ல இருந்தா கட் ஆகிடலாம். அவசரம் இல்லைன்னா 101. ரயில்ல யாராவது தொல்லை பண்ணா 61016-க்கு மெசேஜ். மோசடிக்கு 0300 123 2040. தெருவுல நிறத்தை, நாட்டைச் சொல்லித் திட்டினா அதையும் 101-ல சொல்லலாம், வெறுப்புக் குற்றம்னு பதிவாகும். போலீஸ்கிட்ட போகவே மனசில்லையா, விக்டிம் சப்போர்ட்னு ஒரு தொண்டு நிறுவனம் இருக்கு, புகார் கொடுக்காமயே அவங்ககிட்ட பேசலாம்.

எதுல புகார் கொடுத்தாலும் ஒரு பதிவு எண் தருவாங்க. அதை ஃபோன்ல மட்டும் வைக்காதீங்க, ஃபோனே திருடுபோயிருக்கலாம். பேப்பர்ல எழுதி வைங்க. இன்சூரன்ஸ், பாங்க், யுனிவர்சிட்டி எல்லாரும் முதல்ல கேட்கிறது அந்த எண்ணைத்தான்.

அந்தத் தம்பி இப்ப ஆக்ஸ்ஃபோர்ட் ரோட்டுலதான் இருக்கான், ரெண்டு பேரோட ரூம். பணம் இன்னும் வரல. வாடகை ஒப்பந்தத்துல எந்த வரியை எப்படிப் படிக்கணும்னு அவனையே உட்கார வெச்சு அடுத்த வாரம் பேசறோம். உங்க ஒப்பந்தத்துல புரியாத வரி இருந்தா, பேரையும் முகவரியையும் மறைச்சுட்டு அனுப்புங்க.