குழந்தைகளுக்குப் படித்துக் காட்டுங்கள்
(ஒரு சுயமரியாதைத் திருமணத்தில் பேசியது)



மணமக்களை வாழ்த்திப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். பதினாறும் பெற்று வாழச் சொல்ல நமக்கு வாய் வராது. ஒன்றோ இரண்டோ பெறட்டும். பெற்ற குழந்தைக்கு என்ன செய்யப் போகிறார்கள்? கடன் வாங்கியாவது காது குத்துகிற நாம், அந்தக் காது கேட்கும்படி தினம் கால் மணி நேரம் ஒரு புத்தகத்தைப் படித்துக் காட்டியதுண்டா? அதற்குத்தான் பள்ளிக்கூடம் இருக்கிறதே என்பீர்கள்.

வேதம் ஓதுவதைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தையோ அரக்கையோ உருக்கி ஊற்றவேண்டுமென்று கவுதம தர்ம சூத்திரத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். படித்ததற்கல்ல, காதால் கேட்டதற்கே இந்தத் தண்டனை! காது வழியாகத்தான் அறிவு முதலில் நுழைகிறது என்பது எழுதிவைத்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. பிற்பாடு நம்மைக் கேட்க விட்டதெல்லாம் புராண காலட்சேபந்தான். அங்கே கேட்டுக்கொண்டிருக்கலாம், கேள்வி கேட்கக்கூடாது.

‘குடி அரசு’ 1935-ல் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைச் சர்க்கார் 1978-ல் ஒப்புக்கொண்டது. எழுத்து எளிதாயிற்று. ஆனால் எழுத்தைக் கூட்டிவிட்டால் போதுமா? வீட்டில் நம் குழந்தை கேட்பது “மழ பேஞ்சுது” என்பது. புத்தகத்தில் இருப்பதோ “மழை பெய்தது” என்பது. “போனான்” என்று கேட்டு வளர்ந்ததற்கு “சென்றான்” என்பது யாரோ அயலான் பேச்சாக இருக்கிறது. மூன்று வயதிலிருந்து மடியில் உட்காரவைத்துப் படித்துக் காட்டப்பட்ட குழந்தைக்கு இந்த இரண்டு தமிழும் பழகிப்போகின்றன. மற்றக் குழந்தை முதல் வகுப்பில் திருதிருவென்று விழிக்கிறது. உடனே “அதற்குப் படிப்பு ஏறாது, அவன் ஜாதிக்கு அவ்வளவுதான்” என்று சொல்ல ஆள் தயாராயிருக்கிறான்!

யார் படித்துக் காட்டுவது? அம்மாவின் வேலையென்று ஆண்கள் தப்பித்துக்கொள்ளப் பார்ப்பார்கள். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு 73 பேர்தான் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். ஆண்களில் 86-க்கு மேல். ஆகவே கணக்குப்படி பார்த்தாலும் முதல் கடமை அப்பனுக்குத்தான். குழந்தைக்கு நரிக்கதை படித்தால் மீசை உதிர்ந்துவிடாது. பக்கத்தில் அம்மாவும் உட்கார்ந்தால் அவளுக்கும் எழுத்து பிடிபடும்.

நரி பேசுமா, பகுத்தறிவுக்காரர் இதையெல்லாம் படிக்கலாமா என்று ஒரு தோழர் சண்டைக்கு வரக்கூடும். நரி பேசுவது கதையென்று நான்கு வயதுக் குழந்தைக்கே தெரியும். அதனால் ஒரு கெடுதியும் இல்லை. “இதைக் கேட்காதே, சாமி கண்ணைக் குத்தும்” என்கிறோமே, அதில்தான் விஷம் இருக்கிறது. குழந்தை “ஏன்?” என்றால் புத்தகத்தை நிறுத்திப் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாதென்றே சொல்லுங்கள். கதை அன்றைக்கு முடியாமற்போனால் என்ன, குடியா முழுகிவிடும்? அதே கதையைப் பத்துத் தரம் கேட்டாலும் சலிக்காதீர்கள். பதினோராந்தரம் படம் பார்த்து அதுவே நமக்குச் சொல்லும்.

புத்தகத்துக்குப் பணமில்லை என்பதும் சரியல்ல. 1948-ஆம் வருஷத்துப் பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் நம்மிடம்தான் வசூலாகிறது. பணத்தைக் கட்டிவிட்டு அந்த வாசற்படி மிதிக்காதிருக்கிறோம். மணமக்கள் இந்த வாரமே தங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினராகிக்கொள்ளட்டும். குழந்தை பிறக்கிறவரைக்கும் ஒருவருக்கொருவர் படித்துக் காட்டட்டும்.