ஞாயிற்றுக்கிழமைத் தொண்டும் திங்கட்கிழமைத் துடைப்பமும்

(ஊரும் பூங்காவும் தூய்மையாக இருக்கப் பெரிதும் துணை நிற்பது மக்கள் தொண்டா? கூலி கொடுத்து உருவாக்கும் வேலையா? கடப்பாக்கம் பட்டிமன்றத்தில் ‘வேலையே’ என்ற அணியில் பேசியது.)



எதிரணித் தலைவர் ரொம்ப உருக்கமாப் பேசினார். “ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே கூடிப் பூங்காவைச் சுத்தம் செய்தால் எவ்வளவு அழகு!” என்றார். அழகுதான். எங்கள் வீட்டிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் சமைத்தார். சாம்பார் கொதிக்கும் முன்னாலேயே சேதி தெருமுனைக்குப் போய்விட்டது. அன்றைக்கு அவர் ஒரு வேளை சமைத்தது திருவிழா. நான் முப்பது வருஷமா மூன்று வேளையும் சமைக்கிறேன், அதற்குப் பேரே கிடையாது! (சிரிப்பு, கைதட்டல்)

திருவிழாவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் திங்கட்கிழமையும் பசிக்குமே, நடுவர் அவர்களே!

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், குடிசைகளை ஒட்டி, ஒரு சின்னப் பூங்கா உண்டு. ஒரு ஞாயிறன்று நாங்கள் அறுபது பேர் கையுறை போட்டுக்கொண்டு போனோம். நாற்பது மூட்டைக் குப்பை. மூட்டைகளைச் சுவரோரம் அடுக்கி, போட்டோ எடுத்து, வடை சாப்பிட்டு வந்துவிட்டோம். இரண்டு நாள் கழித்து அங்கே பெருக்குகிற அம்மாவைப் பார்த்தேன்.

“ஏம்மா, இவ்வளவு பேர் வந்து சுத்தம் பண்ணினோமே, உனக்கு வேலை மிச்சம்தானே?”

“எங்கம்மா மிச்சம்? நீங்க மூட்டையா வச்சுட்டுப் போனீங்க, வண்டி வரலை. நாய் பிச்சுப் போட்டுடுச்சு. எனக்கு ரெட்டை வேலை. போட்டோவுல நான் இல்லைம்மா, பரவாயில்லை. போன மாசக் கூலியில நான் இருந்தாப் போதும்.”

ஒப்பந்தக்காரர் கூலி தரவில்லையாம். எனக்கு வாயடைத்துப் போயிற்று. ஊருக்கெல்லாம் பேசுகிற வாய்!

எதிரணி நண்பர் எக்ஸ்னோராவைத் தொண்டுக்குச் சாட்சியாக அழைத்தார். நல்லது. 1989ல் எம்.பி. நிர்மல் சென்னையில் தொடங்கிய இயக்கம். அந்தத் தெருக்களில் தினமும் குப்பை வண்டி தள்ளியது யார்? அதுவரை குப்பை பொறுக்கிப் பிழைத்த ஏழைகளில் பலர். அவர்களுக்குத் ‘தெருவை அழகுபடுத்துகிறவர்’ என்று பெயர் வைத்தார்கள். வீட்டுக்கு வீடு மாதாமாதம் காசு வசூலித்துச் சம்பளமும் கொடுத்தார்கள். தொண்டர்கள் கூடியது உண்மை. வண்டி ஓடியது சம்பளத்தால். ஆகவே ஐயா கூப்பிட்ட சாட்சி எங்கள் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது! (கைதட்டல்)

புனே நகரத்துக்கு வாருங்கள். 1993ல் குப்பை பொறுக்கும் பெண்கள் சங்கம் கட்டினார்கள். 2008ல் அவர்களே உறுப்பினராக உள்ள ‘ஸ்வச்’ என்ற கூட்டுறவு அமைப்பு, மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டது. குப்பைத் தொட்டியைக் கிளறிய கை, வீட்டு வாசலில் உரிமையோடு குப்பையை வாங்கிக்கொண்டது, மாதக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டது.

கடல் தாண்டிப் போனால் அமெரிக்கா. 1933ல் வேலையில்லாத் திண்டாட்டம். ரூஸ்வெல்ட் என்ன செய்தார்? ஏழை இளைஞர்களைக் கூப்பிட்டார். மரம் நடு, பூங்கா அமைக்கப் பாதை போடு, மாதம் முப்பது டாலர் என்றார். அதில் இருபத்தைந்து டாலர் நேராகக் குடும்பத்துக்குப் போய்விடும்! பிள்ளை கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று அந்த ஊர்க்காரருக்கும் தெரிந்திருக்கிறது! (சிரிப்பு) ஒன்பது ஆண்டுகளில் ஏறக்குறைய முப்பது லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். காடும் வளர்ந்தது, அடுப்பும் எரிந்தது.

நம் தமிழ்நாட்டிலும் 2021-22ல் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் 100 கோடி ரூபாயில் முன்னோடியாக அறிவிக்கப்பட்டது. நகரத்து ஏழைக்கும் வேலை கொடு, நகரத்தையும் சீர்படுத்து என்பதுதானே அதன் பொருள்?

“காசு வாங்கினால் ஊர்ப்பற்று போய்விடாதா?” என்று கேட்டார் ஒரு நண்பர். ஐயா, நான் தமிழ்த்தொண்டு செய்கிறேன் என்று மேடைக்கு மேடை சொல்கிறேன். ஒன்றாம் தேதி சம்பளம் வரவில்லை என்றால் இரண்டாம் தேதி கல்லூரி அலுவலகத்தில் நிற்பேன்! என் தமிழ்ப்பற்றுக்குச் சம்பளம் இழுக்கில்லை. துடைப்பம் பிடிக்கிற பெண்ணின் ஊர்ப்பற்றுக்கு மட்டும் இழுக்கா? (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, இந்த மண் சாதாரண மண் இல்லை. சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனார் இந்த இடைக்கழிநாட்டுக்காரர். இதோ பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை. 1760ல் இடித்தது வெள்ளைக்காரன். உல்லாசமாய் வந்து பாட்டிலும் பாலிதீன் பையும் போட்டது நாம்!

அந்த நத்தத்தனார் ஒரு காட்சி காட்டுகிறார். பாணன் வீட்டில் பசி. கிணைமகள் குப்பையிலே முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வருகிறாள். உப்பு வாங்க வழியில்லை. உப்பில்லாமலே வேகவைக்கிறாள். பிறகு வாசல் கதவைச் சாத்துகிறாள். ஏன்? வறுமையை அறியாதவர்கள் பார்த்துவிடுவார்களே என்ற வெட்கம். சாத்திவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள்.

இத்தனை நூற்றாண்டு ஆகியும் குப்பையில் சோறு தேடுகிற பெண் இன்னும் இருக்கிறாள். கதவும் இன்னும் சாத்தித்தான் இருக்கிறது. புலவர் அப்படிப் பசித்த குடும்பங்களுக்கு என்ன செய்தார்? ஒரு நாள் வந்து கூடமாட உதவிவிட்டுப் போகவில்லை. வாழ வழி காட்டினார். நல்லியக்கோடனிடம் போ என்றார். ஆற்றுப்படை என்றாலே அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வரும்போது அந்த அம்மாவின் பெயரைக் கேளுங்கள். கூலி வந்ததா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் அவளோடு போய் ஒப்பந்தக்காரர் முன்னால் நில்லுங்கள். அதுதான் பெரிய தொண்டு.

மாதச் சம்பளம் வந்தால் அவள் உப்பு வாங்குவாள். உப்பு வாங்கிவிட்டால் கதவைத் திறந்து வைத்துச் சாப்பிடுவாள். அந்தக் கதவைத் திறப்பது வேலையே, வேலையே என்று தீர்ப்புத் தாருங்கள் என்று கேட்டு அமைகிறேன்.