தங்களுக்கு எந்த ஊர்?

இரயிலில் எதிரே அமர்ந்தவரிடம் நாம் முதலில் கேட்பது, "தங்களுக்கு எந்த ஊர்?" என்பதே. எளிய வினாதான். ஆயினும் மக்களின் குடிபெயர்ச்சியை ஆராய்பவனுக்கு இதைவிடக் கடினமான வினா வேறில்லை.

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நெடுங்காலம் பிறந்த இடத்தைக் கொண்டே குடிபெயர்ச்சியை அளந்தது. 1971இல் முன்பு வசித்த இடத்தையும், 1981இல் பெயர்ந்து வந்த காரணத்தையும் சேர்த்துக் கேட்டது.

திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்தில், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வாழ்வோருக்கு 2022இல் 321 புதிய வீடுகள் வழங்கப்பட்டன. இத்தகைய முகாம் ஒன்றில் நான் வினாத்தாளுடன் ஒரு மூதாட்டியின் முன் அமர்ந்தேன். பிறந்த இடம், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம். முன்பு வசித்த இடம், வவுனியா. வந்த காரணம், சண்டை. மூன்று கட்டங்களும் நிரம்பின.

"சொந்த ஊர் எதுவம்மா?" என்றேன்.

"பாட்டனார் ஊர் இந்தப் பக்கந்தான் என்பார்கள், தம்பி. பெயர் தெரியாது. பேரன் திண்டுக்கல் என்கிறான். நீங்கள் எதை எழுதுவீர்கள்?"

எனக்கு விடை தெரியவில்லை. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் இரு அரசுகளும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு உரியவரென வகுத்தது. அவர்களை எவரும் கேட்கவில்லை. முகாம்களில் வீடு பெற்ற பலருக்கு இன்றும் இந்தியக் குடியுரிமை கிட்டவில்லை.

கடல் கடந்து சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. ஆனால் கட்டட வேலைக்குச் செல்லும் நம் இளைஞர், தொழிலாளருக்குரிய வேலை அனுமதியில் இருக்கும்வரை, மனைவி மக்களை உடன் வைத்துக்கொள்ள இயலாது. உழைப்புக்கு இடமுண்டு, குடும்பத்துக்கு இல்லை.

இதைக் கேட்டு வருந்தும் நாம், நம் மாவட்டத்து நூற்பாலை விடுதிகளில் தங்கி உழைக்கும் வடமாநிலத்தாரை எவ்வாறு நடத்துகிறோம்? அவர்தம் பெயரையேனும் அறிவோமா?

ஊர் என்பது பிறப்பினால் மட்டும் அமைவதன்று. சட்டத்தினால் மட்டும் அமைவதுமன்று. உழைக்கும் இடத்திலுள்ளோர் ஒருவரைத் தம்மவரென ஏற்கும்போதே அது நிறைவுறுகிறது. இதை எந்தப் புள்ளிவிவரமும் தானே சொல்லாது. அருகிலமர்ந்து கேட்டறிய வேண்டும்.

மாணவர்களே, நாளை நீங்களும் வினாத்தாள் ஏந்திச் செல்வீர்கள். அப்போது விடைக்குச் சற்றுக் கூடுதலாகவே இடம் விடுங்கள். அன்று நான் அம்மூதாட்டி சொன்னதை முழுமையாக எழுதினேன். கட்டம் போதவில்லை, தாளின் பின்புறத்திலும் எழுத வேண்டியதாயிற்று.