ஹெச்.ஐ.வி. உள்ள அம்மா, பசியோட குழந்தை: எந்தப் பால்?

(ஐ.டி. விங் நேரலையில் பேசியது)

நான் டாக்டர் இல்லை, படிச்சது எஞ்சினியரிங். ஆனா இதை நீங்க கேட்டே ஆகணும்.

அம்மாவுக்கு ஹெச்.ஐ.வி.ன்னா உடனே என்ன சொல்வோம்? "பால் பவுடர் கொடுத்துடுங்க." ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா அரசு அதை இலவசமாகவே கொடுத்தது. 2006 தொடக்கத்தில் அங்கே பெருமழை, தண்ணீர் கெட்டது. வயிற்றுப்போக்கில் நூற்றுக்கணக்கான குழந்தைகள் இறந்தன. ஆஸ்பத்திரியில் சேர்ந்த கைக்குழந்தைகளில் பெரும்பாலானவை தாய்ப்பால் குடிக்காதவை. தண்ணியும் கெட்டது, எதிர்த்து நிற்கத் தாய்ப்பாலும் இல்லை!

பக்கத்து தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரில் 2001-லேயே வேறு வழி பார்த்தாங்க. இதெம்பா லெத்து என்ற தாய்ப்பால் வங்கி. ஜூலு மொழியில் 'எங்கள் நம்பிக்கை'ன்னு அர்த்தம். எய்ட்ஸால் தாயை இழந்த, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு மற்ற அம்மாக்கள் தந்த பால்.

"அந்தப் பாலில் வைரஸ் இருந்தா?" நியாயமான கேள்வி. தாய்ப்பால் வங்கிகளில் தானம் தருபவருக்கு ரத்தப் பரிசோதனை செய்வாங்க. அப்புறம் பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குவாங்க. ஹெச்.ஐ.வி. செயலிழந்துடும், நோய் எதிர்ப்புப் பொருட்களில் கணிசமான பங்கு மிஞ்சும். கொதிக்க வெச்சா அதுவும் போயிடும். அதனால பக்கத்து வீட்டு அக்காகிட்ட நேரா வாங்கிக் கொடுக்கிறது இந்தக் கணக்கில் வராது.

ஆனா அம்மா கூடவே இருந்து, ஏ.ஆர்.டி. மாத்திரையை விடாம சாப்பிட்டா, தன் பாலையே கொடுக்கலாம். முதல் 6 மாதம் வேற எதுவும் கலக்கக் கூடாது. தானப் பால் முக்கியமா தாய் இல்லாத குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும்தான். எது பொருந்தும்னு ஏ.ஆர்.டி. மையத்தில் கேளுங்க, வாட்ஸ்அப் ஃபார்வர்டில் தேடாதீங்க.