அலமாரியைப் பூட்டாதீர்கள்!

(காவேரிப்பாக்கத்தில் ஒரு வாசக சாலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மதங்களைப் பற்றிய ஆராய்ச்சி நூல்களை இந்த வாசக சாலையில் வைக்கலாமா, கூடாதா என்று ஒரு விவாதம் நடக்கிறது. “அவை பாதிரிமார் எழுதியவை, நம் தெய்வங்களைப் பழிப்பவை” என்கிறார் ஒரு பெரியவர். “மதமே பொய். அதற்கு ஒரு புத்தகமா?” என்கிறார் ஓர் இளைஞர். வேறு வேறு வாசல் வழியாக வந்தாலும் இருவரும் ஒரே அலமாரியைத்தான் பூட்டுகிறார்கள். அதைத் திறந்து வைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

நடந்த சரித்திரத்தைக் கேளுங்கள். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு. அவர் வந்தது நம்மைக் கிறிஸ்தவராக்க. 1713-ல் அச்சேறிய அவருடைய சிறு பிரசுரத்தின் பெயரே ‘அக்கியானம்’. நம் வழிபாட்டுக்கு அவர் வைத்த பெயர் அது. ஆனால் அதே மனிதர் தமிழ் கற்றார், ஓலைச் சுவடிகளைச் சேகரித்தார், 1708-ல் அவற்றுக்கு ஒரு பட்டியலும் எழுதினார். தமிழர்களிடம் கேள்விகள் அனுப்பிக் கடிதமாகப் பதில் வாங்கினார். 1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியைப் பெரிய நூலாக எழுதி முடித்தார். பரம்பொருள், மும்மூர்த்திகள், கிராம தேவதைகள், தேவர்கள் என்று நான்கு பகுதிகள். ஐயனார், எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி எல்லோருக்கும் அதில் இடம் உண்டு.

நூல் ஹாலே நகரத்துக்குப் போயிற்று. அங்கே மேலிடத்தில் இருந்த பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். உங்களை அனுப்பியது அந்த மதத்தை வேரறுக்க, ஐரோப்பாவில் அந்தக் கதைகளைப் பரப்ப அல்ல என்பது அவர் வாதம். கையெழுத்துப் பிரதி 154 ஆண்டுகள் முடங்கிக் கிடந்து, 1867-ல்தான் சென்னையில் அச்சாயிற்று. 1711-ல் அவர் எழுதிய இன்னொரு நூல் வெளிவந்தது 1926-ல், ஆம்ஸ்டர்டாமில்.

ஆகவே இந்த அலமாரியை முதலில் பூட்டியவர் ஒரு பாதிரியார்தான்! அந்த வேலையை நாமும் செய்ய வேண்டுமா?

‘பேகன்’ என்பவன் யார்?

கிறிஸ்தவரல்லாதவரை ஐரோப்பிய நூல்கள் ‘பேகன்’ என்று குறிக்கும். லத்தீனில் இச்சொல்லின் பழைய பொருள் கிராமத்தான், பட்டிக்காட்டான். ரோமாபுரியில் நான்காம் நூற்றாண்டில் கிறிஸ்தவம் அரசாங்க மதமாயிற்று. அந்தக் காலத்தில்தான் பழைய தெய்வங்களை விடாதவர்களுக்கு இந்தப் பெயர் ஒட்டிற்று. மேலே இருப்பவன் கீழே இருப்பவனின் சாமியையும் கீழானதாகவே பார்ப்பான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? நம் ஊரிலும் அதே கதைதான். கோபுரத்துக்குள் இருப்பது பெருந்தெய்வம், ஏரிக்கரையில் இருப்பது சிறுதெய்வம்.

அதே கிறிஸ்தவம் தொடக்கத்தில் அடிமைகளும் ஏழைகளும் சேர்ந்த இயக்கமாக இருந்தது. 1894-ல் ஏங்கல்ஸ் எழுதிய கட்டுரை அதைத்தான் விளக்குகிறது. ஏழையின் மதம் எப்படி அரசனின் மதமாயிற்று என்பது உழைப்பாளி தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் அல்லவா?

எப்படிப் படிப்பது?

மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். எழுதியவர் யார்? செய்தி சொன்னவர் யார்? எழுதியதால் யாருக்கு லாபம்?

சென்னை பிஷப் ஒயிட்ஹெட் 1916-ல் தென்னிந்தியக் கிராம தேவதைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய நோக்கம் நமக்குத் தெரியும். ஆனாலும் கிராம தேவதைகளில் பெரும்பாலோர் பெண் தெய்வங்கள், அவர்களின் பூசாரிகள் பிராமணர் அல்லாதார் என்பதை அவர் பதிவு செய்திருக்கிறார். படவேட்டு ரேணுகாம்பாள் கதை நம் வட ஆற்காட்டில் யாருக்குத் தெரியாது? வெட்டுண்ட ரிஷி பத்தினியின் தலையும் சேரிப் பெண்ணின் உடலும் ஒட்டிப் பிறந்த அம்மன்! சாதியின் ரத்தம் அந்தக் கதையில் இன்னும் காயவில்லை. பக்திக் கண்ணுக்கும் பரிகாசக் கண்ணுக்கும் அது தெரியாது. 1962-ல் கோசாம்பி எழுதிய ‘புராணமும் எதார்த்தமும்’ என்ற நூல் காட்டும் வழியில் பார்த்தால் தெரியும்.

ஏட்டுச் சண்டை அல்ல

“இதெல்லாம் தோல் பதனிடுகிறவனுக்கு எதற்கு?” என்று கேட்கலாம். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கும் கால் இந்துவின் கால், கிறிஸ்தவன் கால் என்று பிரிந்தா புண்ணாகிறது? ஆனால் 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவு பிரிக்கிறது. இந்து அல்லாதவர் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இல்லை என்றது அது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். ஒரே சேரியில், ஒரே தீண்டாமையை அனுபவிக்கும் அண்ணனுக்குச் சான்றிதழ் உண்டு, ஞானஸ்நானம் பெற்ற தம்பிக்கு இல்லை.

மதம் மாறினால் சாதி போய்விடுகிறதா? சர்க்கார் காகிதத்தில் போகிறது. கல்லறைத் தோட்டத்தில் போகவில்லை. அங்கும் சாதிக்கொரு சுவர் நிற்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. இதை எடுத்துச் சொல்ல ஆத்திரம் மட்டும் போதாது, ஆதாரம் வேண்டும். ஆதாரம் அலமாரியில் இருக்கிறது.

ஒன்றை மறவாதீர்கள். சீகன்பால்குக்குக் கடிதம் எழுதிய தமிழர்கள் இல்லாவிட்டால் அவர் நூலே இல்லை. ஆனால் அட்டையில் அவர்கள் பெயர் இல்லை. அறிவைக் கொடுத்தவன் ஒருவன், பெயர் பெற்றவன் வேறொருவன். தோலை மெருகேற்றுபவன் ஒருவன், செருப்பில் முத்திரை வேறொருவனுடையது என்பதைப் போல!

ஆகவே என் யோசனை இது. நூல்களை வாங்குங்கள். வாரம் ஒரு மாலை ஒருவர் உரக்கப் படிக்கட்டும். பெரியவரும் வரட்டும், இளைஞரும் வரட்டும். நம் ஊர் அம்மன் கதையையும் மாதா கோயில் கதையையும் தர்கா கதையையும் நம் தாய்மார்கள் சொல்ல, நம் பிள்ளைகள் எழுதி வைக்கட்டும். இந்த முறை சொன்னவர்களின் பெயர் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.