நம் பங்கின் பணியாளரும் நாமும்

(பொன்விழாக் கருத்தரங்கில் பங்குப் பேரவையின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



விழா மலர்களில் கோபுரம் எழுப்பியவர்களின் பெயர்கள் வரும்; கொடிமரம் தந்தவர்களின் பெயர்களும் வரும். அந்தக் கோபுரத்து மணியை நாள்தோறும் அடித்தவரின் பெயர் வருவதில்லை. உபதேசியார், கோயில்பிள்ளை, பங்கு இல்லத்துச் சமையல் அம்மா, கல்லறைத் தோட்டக் காவலர் ஆகிய நால்வரையும் வேலைக்கு அமர்த்தியிருப்பவர் யார்? நாம்தாம். பங்கு செபிக்கும் குடும்பம் மட்டுமன்று. நால்வருக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளியும்கூட.

இதை மறந்ததன் விளைவை நாமே கண்டோம். முந்தைய கோயில்பிள்ளை 27 ஆண்டுகள் உழைத்து, கண்பார்வை மங்கியதால் விடைபெற்றார். பொன்னாடை போர்த்தினோம், கைதட்டினோம். மறுமாதமே அவர் மனைவி மருந்துச் செலவுக்காகப் பங்கு இல்லத்து வாசலில் வந்து நின்றார். கணக்குப் புத்தகத்தைப் புரட்டினோம். மணிக்கூண்டுக்கு வெள்ளையடிக்கப் பணம் ஒதுக்கியிருந்தோம். மணி அடித்தவருக்கு ஒன்றும் ஒதுக்கவில்லை. “இறைப்பணிதானே” என்று சொல்லியே காலத்தைக் கழித்திருந்தோம்.

திருச்சபை அப்படிச் சொல்லவில்லை. திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இலும், திருத்தந்தை 2-ஆம் அருள் சின்னப்பர் 1981-இலும் வெளியிட்ட சுற்றுமடல்கள் நியாயமான கூலியை வலியுறுத்தின. அவை ஆலை முதலாளிகளுக்கு மட்டும் எழுதப்பட்டவை அல்ல. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, எண் 1286-இல், கோயில் சொத்தை நிர்வகிப்போர் நாட்டின் தொழிலாளர் சட்டங்களைக் கைக்கொண்டு, நேர்மையான ஊதியம் தர வேண்டும் என்கிறது.

1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனங்களில் ஐந்தாண்டு உழைத்தவருக்கு, ஆண்டொன்றுக்கு 15 நாள் ஊதியம் என்று அளவு வகுத்தது. நம்மிடம் இருப்பவர் நால்வரே. சட்டம் நம்மைத் தொடவில்லை. மனச்சான்று தொடாமல் விடுமா?

ஆள் தேர்விலும் நாம் தவறியிருக்கிறோம். “இன்னாருக்குச் சொந்தம், வேலையில்லாமல் இருக்கிறான்” என்பதே போதுமானதாக இருந்தது. திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தைப் பாருங்கள். பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியோர் முறையிட்டனர். திருத்தூதர்கள் முதலில் எத்தகையவர் தேவை என்று வரையறுத்தார்கள்: நற்பெயர், தூய ஆவி, ஞானம். தேர்ந்தெடுக்கும் பொறுப்பைச் சபையிடம் விட்டார்கள். தேர்வான எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே! அவர்கள்மீது கைகளை வைத்து செபித்து, பொறுப்பை ஒப்படைத்தார்கள்.

நாமோ பொறுப்பை ஒப்படைத்தபின்னும் விடுவதில்லை. கோயில்பிள்ளைக்குப் பங்குத்தந்தை ஒன்று சொல்வார். பேரவைச் செயலர் வேறொன்று சொல்வார். பீடம் அலங்கரிக்கும் சகோதரி மூன்றாவதாக ஒன்று சொல்வார். மாலையில் ஒலிபெருக்கி இரைந்தால் எல்லார் முன்னிலையிலும் ஏச்சு வாங்குபவர் அவர் ஒருவரே.

ஆகவே இப்பொன்விழா ஆண்டில் பேரவை சில முடிவுகளை எடுத்துள்ளது. வேலையும் சம்பளமும் எழுத்தில் தரப்படும். ஞாயிறு நமக்கு ஓய்வு, அவர்களுக்கு உழைப்பு. ஆதலால் வாரத்தில் வேறொரு நாள் விடுமுறை. கட்டளை ஒருவர் வாயிலாகவே போகும். குறையைத் தனியே அழைத்துச் சொல்வோம். ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் அவரவர் பெயரில் வங்கியில் சேரும்.

பழைய கோயில்பிள்ளையின் வீட்டுக்கும் சென்றோம், மன்னிப்புக் கேட்டோம். அவர் வாழ்நாள் முழுதும் மாதந்தோறும் ஒரு தொகை அவ்வீடு சேரும். அது தருமம் அன்று. காலந்தாழ்ந்து கொடுக்கும் கூலி. பொழுது சாயுமுன் கூலியைக் கொடுத்துவிடு என்று மோசே வழியாகக் கட்டளையிட்ட ஆண்டவர், 27 ஆண்டுத் தாமதத்தை மன்னிப்பாராக.

விழாச் செலவுக்கு மனமுவந்து கொடுத்த நீங்கள், இந்நிதிக்கும் கைகொடுக்க வேண்டுகிறோம்.