ஓட்டும் ஒப்பந்தமும்



மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியாறு, நெல்லியாம்பதி. இந்த மலைகளில் கொழுந்து எடுக்கும் குடும்பங்கள் பல எங்கிருந்து வந்தன? மதுரை, திருநெல்வேலி, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து வந்ததாகப் பாட்டிமார் சொல்வார்கள். பஞ்ச காலத்தில் கங்காணி ஊருக்கு வந்தான். முன்பணம் கொடுத்தான். ஆள் சேர்த்தான். ஒரு கங்காணி மலைக்குக் கூட்டிப் போனான். இன்னொரு கங்காணி கடலுக்கு அப்பால் இலங்கைக்குக் கூட்டிப் போனான். அங்கேயும் தேயிலைதான். அங்கேயும் லயம்தான். அட்டைக்கடியும் அதே அட்டைக்கடிதான்.

மலைக்கு வந்தவர் இந்தியாவின் குடிமகன் ஆனார். முதல் பொதுத் தேர்தலிலேயே ஓட்டுப் போட்டார். கடல் தாண்டியவர் கதை வேறு.

அவருக்கும் ஓட்டு இருந்தது. 1947-இல் இலங்கையில் தேர்தல் நடந்தது. தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் ஆட்கள் சிலரை ஜெயிக்க வைத்தார்கள். வேறு பல தொகுதிகளில் அவர்களுடைய ஓட்டு இடதுசாரிகளுக்குப் போனது. ஆளுங்கட்சி இதைக் கவனித்தது. 1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அதற்கு அத்தாட்சி காட்டு என்றது சட்டம். லயத்தில் பிறந்தவருக்குப் பிறப்புச் சீட்டு ஏது? லட்சக்கணக்கானவர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு ஓட்டும் பறிபோனது.

இப்போது ஒரு கேள்வி. ஒரு நாடு மற்ற நாடுகளோடு எப்படிப் பழக வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? தலைநகரில் படித்த அதிகாரிகள் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. மேடையில் பேசிய பேச்சும் அதை முடிவு செய்கிறது.

1956-இல் பண்டாரநாயக்கா இலங்கையில் பெரிய வெற்றி பெற்றார். சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்பது அவர் கொடுத்த வாக்குறுதி. இத்தகைய கட்சிகளை ஜனரஞ்சகக் கட்சிகள் என்று பத்திரிகைகள் எழுதும். “நாங்கள்தான் உண்மையான ஜனங்களின் கட்சி” என்று அவை சொல்லும். யார் அந்த உண்மையான ஜனங்கள்? அங்கேதான் சிக்கல். ஒரு கூட்டத்தை உள்ளே சேர்க்கும்போது இன்னொரு கூட்டம் வெளியே நிற்கிறது.

ஆனால் அந்த ஆட்சி செய்ததெல்லாம் கெடுதல் என்று சொல்லிவிட முடியாது. திருகோணமலையில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்தது. கட்டுநாயக்காவில் விமானத் தளம் இருந்தது. பண்டாரநாயக்கா அரசு 1957-இல் இரண்டையும் திரும்ப வாங்கியது. சீனாவோடும் ரஷ்யாவோடும் உறவு வைத்தது. ஏழை எளிய ஜனங்கள் அதில் பெருமைப்பட்டார்கள். பெருமைப்பட நியாயமும் இருந்தது.

தோட்டத் தொழிலாளிக்கு மட்டும் விடிவு இல்லை. அவரை இந்தியாவுக்கு அனுப்பு என்ற குரல் ஓட்டுக்கு ஓட்டு வலுத்தது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் இலங்கையின் பொறுப்பு என்று நேரு பல ஆண்டுகள் வாதாடினார். 1964-இல் நேரு காலமானார். சாஸ்திரி பிரதமர் ஆனார். இரண்டு வருடத்துக்கு முன்தான் சீனாவோடு போர் நடந்திருந்தது. அண்டை நாட்டுடன் பகை வேண்டாம் என்று டெல்லி நினைத்ததாகச் சொல்வார்கள்.

1964 அக்டோபர் 30. சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் டெல்லியில் கையெழுத்துப் போட்டார்கள். கணக்கு இதுதான். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று வைத்தார்கள். 1974-இல் பேசினார்கள். ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தார்கள். சந்தையில் மூட்டை பிரிப்பது போல! தொழிலாளர் தலைவர் தொண்டமான் ஒப்பந்தத்தை எதிர்த்தார். சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லையே என்பது அவர்கள் குறை. ஓட்டு இல்லாதவரைக் கேட்க எந்தக் கட்சிக்கு அவசரம்?

தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாமுக்குப் போனார்கள். சிலர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். கேரளத்தில் புனலூர்ப் பக்கம் அவர்களுக்காகவே ரப்பர் தோட்டம் போட்டார்கள். “தாய்நாடு திரும்பியோர்” என்று அவர்களுக்குப் பெயர். அந்தத் தாய்நாட்டை முன்பின் பார்க்காதவர்கள்தான் அவர்களில் பலர்.

ஓட்டுக்கும் வெளிநாட்டு உறவுக்கும் உள்ள இந்தத் தொடர்பு இலங்கையில் மட்டும்தானா? இல்லை. இந்தியாவிலும் உண்டு. 2013 மார்ச் மாதம். இலங்கைப் போரில் நடந்த கொடுமைகள் பற்றி ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் ஒரு தீர்மானம் வந்தது. தமிழ்நாட்டில் மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். தீர்மானம் போதாது, கடுமையாக்க வேண்டும் என்று தி.மு.க. கேட்டது. கேட்டது நடக்காததால் மார்ச் 19-இல் மத்திய அரசை விட்டு விலகியது. மார்ச் 21-இல் இந்தியா அந்தத் தீர்மானத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டது. நவம்பரில் கொழும்பில் காமன்வெல்த் மாநாடு. தமிழ்நாட்டுக் கட்சிகள் எல்லாம் போகக்கூடாது என்றன. பிரதமர் மன்மோகன் சிங் போகவில்லை. வெளியுறவு அமைச்சர் போனார்.

இதில் சரி எது, தவறு எது? ஒரு மாநிலம் அண்டை நாட்டு உறவை இழுத்துப் பிடிக்கலாமா என்று டெல்லியில் சிலர் கேட்டார்கள். சொந்த ஜனங்களின் துயரத்தைச் சொல்ல வேறு வழி என்ன என்று சென்னையில் கேட்டார்கள். இரண்டு கேள்வியும் நியாயமானவைதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1964-இல் தோட்டத் தொழிலாளிக்காக டெல்லியில் ஓர் ஆட்சியை அசைக்கும் அளவு பலம் எந்தக் கட்சிக்கும் இல்லை.

2003-இல் இலங்கை ஒரு சட்டம் போட்டது. ஒப்பந்த நாள் முதல் அங்கேயே வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் குடியுரிமை கொடுத்தது. அதற்குள் கப்பல் ஏறியவர்கள் ஏறிவிட்டார்கள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் அண்ணன் ஹட்டனில் கொழுந்து நிறுத்தான். தம்பி புனலூரில் ரப்பர் பால் எடுத்தான்.